நிரலுக்கு ஏன் இந்தத் தடை?

ரயிலில் இடம் பதிவு செய்ய ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கேட்டால் கணிப்பொறி என்ன செய்யும்? ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர்களைக் காக்க வைப்பதில்லை. பல வேலைகளை மாறி மாறியோ ஒருசேரவோ நடத்துகிறது. இவ்வாறு நடக்கும் ஒவ்வொரு வேலை இழைக்கும் 'த்ரெட்' என்று பெயர்.

1995-இல் வெளிவந்த ஜாவா மொழியில் புதிய த்ரெட்டைத் தொடங்க ஓரிரு வரிகள் போதும். ஆனால், சர்வரில் இயங்கும் ஜாவா நிரல்களுக்காக 1998-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வகுத்த 'என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ்' விதிகள் அதைத் தடை செய்தன. ஏன்?

இந்நிரல்களைத் தாங்கி நடத்துவது 'கன்டெய்னர்' என்னும் மென்பொருள். கேட்டவர் யார், அவருக்கு என்ன உரிமை, எந்தெந்த வேலைகள் சேர்ந்தே முடிய வேண்டும் ஆகிய குறிப்புகளை அது பொதுவாக த்ரெட்டுடன் இணைத்து வைக்கிறது. நிரல் தன்னிச்சையாக வேறொரு த்ரெட்டைக் கிளப்பினால், அக்குறிப்புகள் உடன் போகும் என்ற உறுதி இல்லை. பணம் கழிக்கப்பட்டு, இடம் கிடைக்காமல் போகலாம்! உரிமைச் சோதனையும் தவறலாம். எத்தனை த்ரெட்டுகள் ஓடுகின்றன என்ற கணக்கும் கன்டெய்னருக்குத் தப்பிவிடும்.

அப்படியானால், ஒரு வேலையைப் பின்னணியில் செய்விப்பது எப்படி? 2001-இல் வந்த இரண்டாம் பதிப்பு இதற்கு 'மெசேஜ் டிரிவன் பீன்' என்ற வழியைத் தந்தது. வேலையை ஒரு செய்தியாக எழுதி வரிசையில் போட்டுவிட வேண்டும். கன்டெய்னர் தன்னிடமுள்ள த்ரெட் ஒன்றை எடுத்து, பீனிடம் அச்செய்தியைக் கொடுக்கும். ஒரு பீனுக்கு ஒரு நேரத்தில் ஒரு செய்திதான். செய்திகள் பெருகினால் பல பீன்கள் வேலை செய்யும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அஞ்சல் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுப்பவர், அதைப் போட்டவரைப் பார்ப்பதில்லை அல்லவா? அதுபோல, செய்தி அனுப்பியவரின் அடையாளம் பீனுக்குத் தானாக வந்து சேராது. எனவே, பிற நிரல்களை அது எந்த அடையாளத்துடன் அழைக்க வேண்டும் என்பதை 'ரன் ஆஸ்' என்னும் குறிப்பால் முன்னரே எழுதி வைப்பார்கள். அந்த அடையாளத்துக்கு அளவுக்கு மீறிய உரிமை தந்துவிட்டால் என்ன ஆகும்? வரிசையில் செய்தி போட முடிந்த எவரும் அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொள்வார்! ஆகவே, தேவையான அளவே உரிமை தர வேண்டும். வரிசைக்கும் காவல் வேண்டும்.

2013-இல் வந்த ஜாவா இஇ 7, கன்டெய்னரிடமே கேட்டு த்ரெட் பெறும் வசதியையும் தந்தது. அப்படிப் பெற்ற த்ரெட்டுடன் கேட்டவரின் அடையாளமும் உடன் செல்கிறது.