தலவிலையில் அழுதால் மனம் ஏன் லேசாகிறது?



ஆகஸ்ட் நெருங்கினால் நம்ம லயங்களில் ஒரே பேச்சுத்தான். "தலவிலைக்கு பஸ் பேசியாச்சா? ஆளுக்கு எவ்வளவு?" கண்டி, குருநாகல், புத்தளம், பாலாவிச் சந்தி, நுரைச்சோலை என்று ராத்திரி முழுக்கப் போய், விடியும்போது கற்பிட்டி மணலில் இறங்குவோம். வேதக்காரர் மட்டுமா போகிறார்கள்? விபூதி பூசிய குடும்பங்களும் அதே பஸ்ஸில்தான் வருகின்றன.

பிள்ளை வரம், தீராத நோய், கோர்ட்டு வழக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நேர்ச்சை இருக்கும். வாய் திறந்து சொல்லாத ஒன்றும் இருக்கும். வயிற்றில் வந்தது தங்காமல் போன மகள், புருஷனைப் பறிகொடுத்தவர், வெளிநாடு போன பிள்ளையிடமிருந்து கடிதமும் போனும் இல்லாத தாய். இவர்களும் பிரட்டுக்கு வருகிறார்கள், கொழுந்து நிறுக்கிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யார் கேட்கிறோம்?

தலவிலைக் கோயிலுக்கு ஒரு வாய்வழிக் கதை உண்டு. வேலை தேடிக் கொழும்புக்கு நடந்துபோன ஒரு ஏழை, களைத்துப்போய் அந்தக் கரையில் ஒரு மரத்தடியில் தூங்கினானாம். கனவில் புனித அன்னம்மாளைக் கண்டானாம். பிறகு வசதி வந்ததும் திரும்பி வந்து சின்னக் கோயில் கட்டினானாம். (மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்த நம்ம பாட்டன்மாருக்கும் அந்தக் களைப்புத் தெரியும்.) இப்போது நிற்கும் பெரிய கோயில் 1843இல் கட்டி முடிந்தது. மார்ச்சில் ஒரு விழா, ஆகஸ்ட் முற்பகுதியில் பெருவிழா. பூசை சிங்களத்திலும் தமிழிலும் நடக்கும்.

அன்னம்மாள் மரியாளின் தாய். நெடுங்காலம் பிள்ளையில்லாமல் மனம் வாடியவர் என்பது சபையின் பழைய மரபு. வேதாகமத்தில் சாமுவேலின் புத்தகத்திலும் அதே பெயரில் ஒரு பெண் வருகிறாள். அவள் அன்னாள். பிள்ளையில்லாத அவளைச் சக்களத்தி குத்திக் குத்திப் பேசுகிறாள். சாப்பாடு இறங்காமல் ஆலயத்தில் போய் அழுகிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. பார்த்த குரு ஏலி, குடித்திருக்கிறாள் என்று ஏசிவிட்டார்! அவள் தன் வேதனையைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றி, சமாதானமாய்ப் போ என்று ஆசி கொடுக்கிறார். அவள் எழுந்து போய்ச் சாப்பிட்டாள், அதற்குப் பிறகு முகம் வாடவில்லை.

பிள்ளை அப்போது கிடைத்துவிட்டதா? இல்லை. அது பிறகுதான். முதலில் ஆறியது மனம். தன் குறையை ஒருவர் முழுசாகக் கேட்டார் என்பதே அவளுக்குப் பாதி மருந்து.

தலவிலையில் நடப்பதும் இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கைக்குழந்தையை இழந்து பல மாதம் யாரோடும் பேசாமல் இருந்தவர். கூட்டிக்கொண்டு போனோம். சாமியாரிடம் போய் வந்து சொன்னார்: "அவரு ஒண்ணும் பெரிசா சொல்லல்ல தம்பி. நா அழுது முடிக்கிற மட்டும் உக்காந்து இருந்தாரு." பக்கத்துக் குடிசையில் ஒரு சிங்கள அம்மா. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். இருவருக்கும் பாஷை ஒத்து வரவில்லை. ஆனாலும் ஒரே அடுப்பில் சோறு பொங்கினார்கள். ஊருக்கு வந்த பிறகும் அக்கா அழுதார்தான். ஆனால் பேசிக்கொண்டே அழுதார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் யாரிடமும் சொல்லக் கூடாது, உயிர் போனாலும் கூடாது என்பது சபையின் சட்டம். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். அங்கே வாழ்கிற நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! கத்தோலிக்கர் அல்லாதவருக்கு அந்தச் சடங்கு இல்லை. ஆனால் குருவிடம் மனம்விட்டுப் பேசவும் ஆசி கேட்கவும் தடையில்லை.

நம்ம பெண்களுக்கு ஒப்பாரி தெரியும். வேதாகமத்தின் 150 திருப்பாடல்களில் பல அப்படிப்பட்ட புலம்பல்கள்தான். 'ஏன் கைவிட்டாய்' என்று ஆண்டவனையே கேட்பது அங்கே குற்றமில்லை. ஆனால் நாம் சாவு வீட்டோடு அழுகைக்குக் கணக்கு முடித்து விடுகிறோம். "இன்னுமா அழுவுற, விசுவாசம் இல்லியா?" என்று கேட்பவர், ஏலி முதலில் செய்த பிழையைச் செய்கிறார்.

இன்னொரு பிழையும் உண்டு, அது ஆபத்தானது. "ஜெபம் பண்ணியாச்சு, இனி மாத்திரை வேணாம்" என்று சிலர் மருந்தை நிறுத்துகிறார்கள். எந்தக் குரு, எந்தப் பாஸ்டர், எந்தப் பூசாரி சொன்னாலும் கேட்க வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடில்லை, காதில் குரல் கேட்கிறது, செத்துப்போகலாம் என்று பேச்சு வருகிறது என்றால் விழா வரும்வரை காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் டிஸ்பென்சரிக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ உடனே கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம். சுமித்ரயோ சங்கத்தாரும் 1974 முதல், மதம் பாராமல், ரகசியம் காத்து, மனக்கஷ்டத்தைக் கேட்டு வருகிறார்கள்.

பஸ்ஸுக்குக் காசில்லாதவர் மனம் தளர வேண்டாம். சனிக்கிழமை அந்தியில் நாலு வீட்டார் ஒரு காம்பராவில் கூடி ஜெபமாலை சொல்கிற தோட்டங்கள் உண்டு. ஜெபம் முடிந்ததும் உடனே எழும்பாமல், தேத்தண்ணி ஊற்றிக் கொஞ்சம் உட்காருங்கள். அரை மணி பேசாமல் இருந்த ஆள் அப்போதுதான் வாய் திறப்பார். புத்தி சொல்ல அவசரப்படாதீர்கள். அங்கே கேட்டது பீலிக்கரைக்குப் போகக் கூடாது.

இந்த முறை தலவிலைக்குப் போகிறவர்கள், பக்கத்து லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவருக்கும் ஒரு சீட்டுப் பிடியுங்கள். மாத்திரை குடிப்பவர்கள் போய் வரும் நாட்களுக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.