வேறு கிளைகள் கிடையாது

திருநெல்வேலி அல்வாக் கடை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை, கோவில்பட்டி கடலைமிட்டாய்க் கடை என்று தெற்கே எங்கே போனாலும் ஒரு பலகை கண்ணில் படும்: ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது.’ வெளியூர்க்காரர் அதைத் தரத்துக்கான உத்தரவாதம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு கிலோ வாங்கிப் போவார். உள்ளூர்க்காரருக்கு அது வேறு சேதி. நாலு கடை தள்ளி, ஏறக்குறைய இதே பெயரில், சித்தப்பா மகன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கடைக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதுதான் பலகையின் பொருள்.

உணவுத் தொழில் செய்யும் குடும்பங்களின் வரலாறு என்றால் வழக்கமாக மூன்று பேர் வருவார்கள். உழைத்த தாத்தா, கடையைப் பெரிதாக்கிய அப்பா, படித்துவிட்டு வந்து பாக்கெட்டை அழகாக்கிய பேரன். அந்தக் கதை பாக்கெட்டின் பின்பக்கமே அச்சாகியிருக்கிறது. அதை நான் வேறு எழுத வேண்டியதில்லை. அங்கே அச்சாகாமல் போவது தாத்தாவின் காரியம் முடிந்த மறுநாள் கூடத்தில் நடக்கிற பேச்சுதான்.

கோவில்பட்டியை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் கரிசல் காடு, மானாவாரி நிலக்கடலை. 1940களில் ஒரு கடையில் கருப்பட்டிப் பாகில் கடலையைப் போட்டு விற்றதில் தொடங்கியது என்பார்கள். பிறகு கருப்பட்டியின் இடத்துக்கு வெல்லம் வந்தது. குடிசைத் தொழிலாகப் பல வீடுகளுக்குப் பரவியது. 2020 ஏப்ரலில் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, மண்ணுக்கும் தாமிரபரணித் தண்ணீருக்கும்கூட அந்தச் சுவையில் பங்கு உண்டு என்று எழுத்தில் ஏறியது.

தொழிலுக்கு வேண்டிய தளவாடமோ கொஞ்சம்தான். அடுப்பு, இரும்புச் சட்டி, கொட்டிப் பரப்ப ஒரு பலகை, தேய்க்க ஒரு கட்டை, வெட்டக் கத்தி. வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கடலையை வெல்லப்பாகில் கொட்டிக் கிளற வேண்டும். வித்தை முழுக்கப் பாகின் பதத்தில் இருக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்தால் கண்ணாடிபோல முறிய வேண்டும். கொஞ்சம் முந்தி இறக்கினால் பல்லில் ஒட்டும். கொஞ்சம் பிந்தினால் கசக்கும். மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு, கோடைக்கு ஒரு கணக்கு. இதையெல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை. அடுப்படியில் அப்பாவோடு பத்து வருடம் நின்ற எந்தப் பிள்ளையும் சின்ன முதலில் தனியாக ஒரு அடுப்பு மூட்டிவிடலாம். அதனால்தான் இந்தத் தொழிலில் பாகப்பிரிவினை என்று வந்தால் பிரிப்பதற்குப் பெயரைத் தவிரப் பெரிதாக எதுவும் இருப்பதில்லை.

வீட்டை நடுவே சுவர் எழுப்பிப் பிரிக்கலாம். நிலத்தை உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கலாம். விலாசத்தை (கடைப் பெயரை வியாபாரிகள் அப்படித்தான் சொல்வார்கள்) என்ன செய்வது? ஆளுக்கு முழுசாக எடுத்துக்கொள்கிறார்கள். மூத்தவர் அதை அப்படியே வைத்துக்கொள்வார். அடுத்தவர் முன்னால் ஒரு ‘ஸ்ரீ’ போடுவார். மூன்றாமவர் ‘நியூ’ என்பார். கோபக்காரத் தம்பி ஒருவர் இருந்தால் ‘ஒரிஜினல்’. தாத்தா மட்டும் எல்லா லேபிளிலும் அதே விபூதிப் பட்டையோடு, அதே சட்டையில் சிரித்துக்கொண்டிருப்பார். அச்சடிக்கப் பக்கத்திலேயே சிவகாசி இருக்கிறது, படத்துக்குப் பஞ்சமில்லை. கொஞ்ச காலம் போனால் ‘நியூ’ கடையின் பலகை துருப்பிடித்து, பழைய கடை புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எது முந்தியது என்று உள்ளூர்ப் பையன்களுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, பங்குதாரர் ஒருவர் இறந்ததும் அந்த நிறுவனம் கலைந்துவிடும். கடையின் நற்பெயரும் நிறுவனத்தின் சொத்துதான்; சரக்கைப் போல அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனால் அண்ணன் தம்பிக்குள் ஒப்பந்தம் எதற்கு என்ற பெருந்தன்மையில் தொடங்கிய கடைகளில் பத்திரமே இருப்பதில்லை. இருந்தாலும் வங்கிக் கடனுக்காக அவசரத்தில் எழுதியதாக இருக்கும்.

1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டத்தில் இன்னொரு விசித்திரம். ஒருவர் தன் சொந்தப் பெயரை நேர்மையாகத் தொழிலுக்குப் பயன்படுத்துவதை, அந்தப் பெயரைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கூடத் தடுக்க முடியாது. நம் ஊர்களிலோ தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைக்கிறோம். மூன்று மகன்களும் ஆளுக்கொரு பிள்ளைக்கு அப்பா பெயரை வைத்திருந்தால், மூன்று பேரன்களும் ஆதார் அட்டையைக் காட்டி ‘இது என் சொந்தப் பெயர்’ என்று நிற்கலாம். எது நேர்மையான பயன்பாடு என்று நீதிமன்றம் துருவிப் பார்க்கும் என்பது வேறு விஷயம். அதற்குள் தீபாவளிகள் பல வந்து போய்விடும்.

பெண்பிள்ளைகள்? கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்தது. அப்போது திருமணமாகாதிருந்தவர்களுக்கு மட்டும். 2005ல் மத்திய அரசின் திருத்தம் அந்த வரம்பையும் எடுத்தது. ஆனாலும் நகையும் சீரும் செய்தாகிவிட்டது என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நின்றபாடில்லை. வேடிக்கை என்னவென்றால், வடகம், அப்பளம், சாம்பார்ப்பொடி மாதிரியான தொழில்களில் உளுந்துக்கு எவ்வளவு பிரண்டை, மல்லிக்கு எவ்வளவு மிளகாய் என்ற அளவு வீட்டுப் பெண்கள் கையில்தான் இருக்கிறது. அளவு போகும் வீடு ஒன்று, பெயர் போகும் வீடு ஒன்று.

குடும்பங்கள் பிரிந்ததால்தான் ஒரு கடை இருந்த ஊர் கடலைமிட்டாய் ஊராக ஆனது, போட்டி நல்லதுதானே என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். எனக்கு வாங்குகிறவர் கவலைதான். பஸ் பத்து நிமிடம் நிற்கும் நாற்கரச் சாலைக் கடையில், தாத்தா படம் போட்ட நாலு சரம் தொங்கும்போது அவர் எதைப் பார்த்து எடுப்பது?

பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கலாம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கும். அதில் இரண்டாவது, மூன்றாவது இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை, தமிழ்நாட்டுக்கு 24. அடுத்த இரண்டும் உரிமம் எடுத்த ஆண்டு. முன்பக்கம் ‘நான்காம் தலைமுறை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்க எண்ணோ 19 அல்லது 21 என்று சொல்லும். அதை வைத்து மட்டும் யாரையும் போலி என்று சொல்லிவிட முடியாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2011ல்தான். பழைய கடையும் புது உரிமம் எடுத்திருக்கும். ஆனால் குடும்பம் பிரிந்து ஆளுக்கொரு உரிமம் வாங்கிய ஆண்டும் பல நேரம் அந்த இரண்டு இலக்கத்தில்தான் ஒளிந்திருக்கிறது. கூடவே பொடி எழுத்தில் இருக்கும் முகவரியையும் படித்தால் எந்த வீட்டுச் சரக்கு என்று பிடித்துவிடலாம். பஸ் ஹாரன் அடிப்பதற்குள் முடிந்தால்.

புவிசார் குறியீடு வந்ததே, அது இந்தச் சண்டையைத் தீர்க்காதா என்று கேட்கலாம். அது ஊரின் பெயரைத்தான் காக்கும். அந்த உரிமையை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. பயன்படுத்தும் உரிமை பெற்றவர் இறந்தால் வாரிசுக்குப் போகும். தாத்தாவின் பெயரோ வணிகக்குறியாகப் பதிவானால் தனிச் சொத்து. விற்கலாம், வேற்றாளுக்கு எழுதிக் கொடுக்கலாம், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தும் வரலாம். ஊர்ப்பெயருக்கு மனு வாங்குவதும் சென்னை கிண்டியில்தான், தாத்தா பெயருக்கு மனு வாங்குவதும் அங்கேதான்.

அங்கே முதலில் போய் நிற்பது பெரும்பாலும் கணினி தெரிந்த தம்பி. அவர் போட்ட மனு ஏற்கப்பட்டால், வாராவாரம் இணையத்தில் வெளியாகும் வணிகக்குறி இதழில், ஆயிரக்கணக்கான குறிகளுக்கு நடுவே ஒன்றாக வரும். ஆட்சேபணை இருந்தால் நான்கு மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும். விடிகாலையில் அடுப்பு மூட்டுகிற அண்ணன் அந்த இதழைப் பார்க்கப்போவதில்லை. அப்பா பெயர் கைவிட்டுப் போன விஷயம் அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால்தான் தெரியும். அதுவும் தீபாவளி ஆர்டர் குவிகிற வாரமாகப் பார்த்து வரும்.