தலைப்பாகையும் லேத்தும்

வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கம் ஏதாவது பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: மோதிரம், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்று, சடையைத் தொப்பிக்குள் செருகு, துப்பட்டாவோடு லேத் பக்கம் வராதே. இதில் வாதாட இடமில்லை. வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக், 10 சென்டிமீட்டர் விட்டத்தோடு நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடினால் நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் துணியைச் சுருட்டிவிடும். சுதாரித்துக் கையை எடுக்க நமக்குக் கால் நொடியாவது வேண்டும். அதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கும்.

சீக்கியர் தலைப்பாகையும் ஏறத்தாழ 5 மீட்டர்தான். லேத் அருகே அது ஒரு நொடிச் சமாச்சாரம். கூடைப்பந்துக் களத்தில்?

2014 ஜூலை, சீனாவின் வூஹான் நகரம், ஆசியக் கோப்பை. ஜப்பானோடு ஆட வந்த இந்திய வீரர்கள் அம்ரித்பால் சிங், அம்ஜியோத் சிங் இருவரையும் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள் ஆட்ட அதிகாரிகள். தலையணி கூடாது, பிறரைக் காயப்படுத்தக்கூடிய எதுவும் கூடாது என்பது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் அன்றைய விதி. கழற்றிவிட்டு ஆடினார்கள். அதே தொடரில்தான் இந்தியா சீனாவை 65-58 என்று வீழ்த்தியது.

அதிகாரிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; எழுதியிருந்ததைச் செய்தார்கள். எழுதியதில்தான் கோளாறு. களத்தில் சுழல்வது பந்து ஒன்றுதான், அது யார் துணியையும் இழுக்காது. அங்கே பயப்பட வேண்டியது மோதலுக்கு. மோதிரமோ ஹேர்கிளிப்போ அடியின் விசை முழுவதையும் கடுகளவு இடத்தில் இறக்கும், தோல் கிழியும். மடித்துக் கட்டிய துணி அதே விசையைப் பரப்பிவிடும், மோதும் நேரத்தையும் நீட்டும். நேரம் இரட்டித்தால் சராசரி விசை பாதி. உயரத்திலிருந்து வரும் கிரிக்கெட் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்தபடி பிடிக்கிற பையனுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். துணி ஹெட்பேண்டை அந்த விதியே அனுமதித்ததுதான் வேடிக்கை.

அதே ஆண்டு செப்டம்பரில், இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், அதே விதியின்படி ஹிஜாபைக் கழற்ற மறுத்துக் கத்தார் பெண்கள் கூடைப்பந்து அணி ஆடாமலே வெளியேறியது. விதி மாற 2017 அக்டோபர் ஆனது. புதிய விதி உண்மையான ஆபத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: முகத்தை மறைக்கக் கூடாது, முகத்தையும் கழுத்தையும் சுற்றித் திறந்து மூடும் பாகம் ஆகாது, எதுவும் துருத்தக் கூடாது.

நிறத்துக்கும் விதி வைத்தார்கள்: கறுப்பு, வெள்ளை, இல்லையென்றால் ஜெர்சியின் நிறம். இதற்கு மட்டும் இயற்பியலில் காரணம் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.