மூன்றாவது தந்தி ஏன் பின்னால் நிற்கிறது?

‘ட்யூனரில் ஆறு தந்தியும் சரியாகக் காட்டுகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டைத் தாண்டினால் சுருதி பிசகுகிறது. என் எலெக்ட்ரிக் கிடாரை மாற்றிவிடலாமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டாம். ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஆலன் கீயும் போதும்.

முதலில் நெக். .010 செட்டின் ஆறு தந்திகளும் சேர்ந்து அதை ஏறக்குறைய 45 கிலோ விசையோடு இழுக்கின்றன. எதிர்த்து நிற்பது உள்ளே ஓடும் ட்ரஸ் ராட். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் எட்டாவது ஃப்ரெட்டில் கால் மில்லிமீட்டர் சந்து தெரிய வேண்டும். கூடுதலாக இருந்தால் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள், அதற்குமேல் ஒரே மூச்சில் வேண்டாம். அடுத்து ஃப்ரெட்டுக்கு மேல் தந்தியின் உயரம்: பதினேழாவது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. இருந்தால் விரல் நோகாது. கடைகளில் இதைச் செய்யாமலே பெட்டியிலிருந்து எடுத்து விற்றுவிடுகிறார்கள். விரல் கொப்பளித்த பிள்ளைக்குச் சங்கீதம் வராது என்று வீட்டிலும் முடிவுகட்டிவிடுகிறோம்.

வாசகரின் சிக்கல் பிரிட்ஜில் இருக்கிறது. அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டுச் சுருதி ஏறும். எங்கள் அத்தை வீட்டு வீணையில் ஸ்வரம் பிசகினால் மெழுகை இளக்கி மெட்டையே நகர்த்துவார்கள். கிடாரில் ஃப்ரெட் அசையாது, பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சாடில்தான் நகரும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் தந்தியைத் தொட்டும் தொடாமலும் மீட்டுங்கள். பிறகு அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். ஒவ்வொரு முறையும் மறுபடி ட்யூன் செய்ய வேண்டும்.

சரியாக அமைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சாடில்களைப் பாருங்கள். மெல்லிய தந்தியிலிருந்து மூன்றாவது வரை படிப்படியாகப் பின்வாங்கும். அதைவிடத் தடித்த நான்காவது இன்னும் பின்னால் போகும் என்று நினைப்போம். அதுவோ முன்னால் தாவி நிற்கும்! காரணம், நான்காவது தந்தி சுற்றுத்தந்தி. இழுபடும் உள்கம்பி மூன்றாவது தந்தியைவிட மெல்லியது. மேலே சுற்றியிருப்பது கனத்துக்கு மட்டும்.

லியோ ஃபெண்டர் 1950இல் கொண்டுவந்த, பின்னாளில் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிடாரில் ஆறு தந்திக்கு மூன்றே சாடில். ஒன்றாக நிற்கவே முடியாத மூன்றாவதும் நான்காவதும் ஒரே சாடிலில்! அன்று மூன்றாவதும் பெரும்பாலும் சுற்றுத்தந்திதான் என்பதால் ஒப்பேறியது. 1954 ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்திக்கொரு சாடில் வந்துவிட்டது.

துருவேறிய பழைய தந்தியில் இதையெல்லாம் செய்வது வீண். புதியதை மாட்டிய பிறகே தொடங்குங்கள். .009 செட்டுக்கு மாறினால் நெக்கின் மேல் இழுப்பு குறையும், ட்ரஸ் ராடிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.