தணலில் வாட்டிய கறி: வருசநாட்டு அடுப்பும் ஜப்பானியக் கோல்கறியும்

வைகை பிறக்கும் தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையடிவாரத்தில், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை முதலான ஊர்களில், ஆடு அறுக்கும் நாளன்று கறிக்குழம்பு கொதிப்பதற்கு முன்பே அடுப்பில் வேறொரு சமையல் முடிந்துவிடுவது உண்டு. ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டியைக் கம்பியில் குத்தி, விறகு எரிந்து அடங்கிய கங்கில் காட்டி, உள்வரை வெந்ததும் உப்புத் தொட்டுப் பிள்ளை பெற்றவளுக்கும் சோகை பிடித்த குழந்தைக்கும் கொடுப்பது தென்மாவட்டங்களில் பரவலாக இருந்துவரும் வழக்கம். மண்ணீரலிலும் ஈரலிலும் உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும் இரும்புச்சத்து மிகுந்திருப்பதால், இவ்வழக்கத்துக்கு மருத்துவ அறிவின் ஆதரவும் உண்டு. உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்திய உப்புக்கண்டத்தையும் எண்ணெயில் பொரிப்பதற்கு மாறாகத் தணலில் சுட்டுத் தின்பவர்கள் இன்றும் உண்டு. எண்ணெய், மசாலா, பாத்திரம் ஆகிய மூன்றையும் விலக்கி, நெருப்பையும் உப்பையுமே பெரிதும் நம்பும் இந்தச் சமையல், வீட்டு அடுப்பைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு வரவே இல்லை.

தமிழர்க்கு இது புதிய வழக்கமும் அன்று. சோழன் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படை, இரும்புக் கோலில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைப் பொருநர்க்கு அரசன் அளித்ததையும், அதன் சூடு தாங்காமல் அவர்கள் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்றதையும் கூறுகிறது. அதே அரசனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், பரதவர் கடல் இறாலைச் சுட்டு உண்கின்றனர். அரசன் விருந்திலும் மீனவர் குடியிலும் ஒருங்கே இடம்பெற்றிருந்த சுட்ட கறி பிற்காலத்தில் குழம்புக்கும் வறுவலுக்கும் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, அதே முறையை ஜப்பானியர் தனிக்கலையாக வளர்த்து, இன்று ஐரோப்பிய நகரங்கள் வரை கொண்டு சென்றிருக்கின்றனர்.

அந்த உணவின் பெயர் யாகிதோரி. சுட்ட கோழி என்பது அதன் பொருள். கோழி விலை மிகுந்த பொருளாக இருந்த காலத்தில், பெரிய உணவகங்கள் கழித்த தோல், ஈரல், எலும்பொட்டிய கறி ஆகியவற்றை மூங்கில் குச்சியில் கோத்துச் சுட்டு விற்ற தெருவோரத் தள்ளுவண்டிகளே இதன் தொடக்கம்; 1960களில் பிராய்லர் கோழி பெருகிய பிறகு இது ஜப்பான் முழுவதற்கும் பொது உணவாயிற்று. ஒரு கோழியைப் பல உறுப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனிக் குச்சியில் சுடுவதே இதன் அடிப்படை. தொடைக்கறியையும் வெங்காயத்தாள் போன்ற தண்டையும் மாறி மாறிக் கோத்தால் நெகிமா, கொத்திய கறியை உருட்டிச் சுட்டால் சுகுனே, கொழுப்பு மிகுந்த வால்பகுதி போன்ஜிரி, குருத்தெலும்பு நான்கோட்சு எனப் பெயர்கள் நீளும். கல்லீரலுக்கும் இதயத்துக்கும் தோலுக்கும் வேகும் நேரம் வெவ்வேறாதலால், துண்டின் அளவையும் குச்சியில் குத்தும் கோணத்தையும் பழகுவதற்கே மூன்றாண்டு வேண்டும் என்றும், சுடப் பழகுவதற்கு ஆயுள் முழுதும் வேண்டும் என்றும் அத்தொழிலில் உள்ளவர்கள் சொல்வர்.

இதற்குரிய கரி பின்ச்சோதான் எனப்படும் வெள்ளைக்கரி. வாகயாமா மாநிலத்தில் உபாமே என்னும் ஓக் வகை மரத்தைச் சூளையில் பல நாள் வேகவைத்து, இறுதியில் ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்துக்கு ஏற்றி, வெளியே இழுத்து ஈரச் சாம்பலும் மண்ணும் கலந்து மூடி அணைக்கும்போது, தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும் கரி கிடைக்கிறது. இது புகையும் சுடரும் குறைவாக, நெடுநேரம் ஒரே சீராகக் கனல்வதால், கறி உள்ளே காய்ந்துபோகுமுன் மேற்புறம் விரைவில் முறுகிவிடுகிறது. உருகிச் சொட்டும் கொழுப்பு கங்கில் பட்டு எழும் மெல்லிய புகையே கறிக்கு மணம் ஊட்டுகிறது. சுவையூட்ட உப்பு, அல்லது சோயா சாறு, அரிசி மது, சர்க்கரை ஆகியவற்றைக் காய்ச்சிய தாரே என்னும் சாறு என இரண்டு வழிகளே முதன்மையானவை.

ஐரோப்பாவில் இவ்வுணவைத் தேடுவோர்க்கு முதலில் எழும் கேள்வி, எது அசல் என்பதே. பாரிஸில் யாகிதோரி என்னும் பெயர்ப்பலகை தாங்கிய எத்தனையோ கடைகளில், ஜப்பானிய யாகிதோரியில் வழக்கமில்லாத, பாலாடைக்கட்டியை மாட்டிறைச்சியால் சுற்றிச் சுட்ட குச்சியே முதன்மைப் பண்டமாக விற்கிறது. அதே நகரில் ஓப்பரா அரங்குக்கு அருகிலுள்ள சேந்த் ஆன் தெருவிலும், 1950களிலிருந்து ஜப்பானிய வணிக நிறுவனங்கள் குடியேறிய ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்து இம்மர்மான் தெருவிலும் ஜப்பானியரே உண்ணச் செல்லும் கடைகள் உள்ளன. அயல்நாடுகளில் ஜப்பானியச் சமையல் பயின்றோர்க்குப் பொன், வெள்ளி, வெண்கலத் தரச்சான்று வழங்கும் ஏற்பாட்டை ஜப்பானிய வேளாண் அமைச்சகம் 2016இல் கொண்டுவந்தது.

ஆயினும் அசல் கடைக்கு ஜப்பானியக் கோழிதான் வேண்டும் என்பதில்லை. ஜப்பானில் ஜிதோரி என்னும் நாட்டுக்கோழித் தரத்துக்குக் குறைந்தது 75 நாள் வளர்ப்பு விதிக்கப்பட்டுள்ளது. பிரான்சின் லாபெல் ரூஜ் என்னும் தரமுத்திரை 81 நாள் வளர்ப்பையும் வெளியே மேயும் வாய்ப்பையும் கோருகிறது. பிராய்லரோ நாற்பது நாள் அளவிலேயே வெட்டுக்கு வந்துவிடுகிறது. எனவே உள்ளூரில் ஓடியாடி வளர்ந்த கோழியும், நல்ல கரியும், தேர்ந்த கையும் சேரும் இடத்தில் அசல் யாகிதோரி பிறந்துவிடும். அத்தகைய கடையில் அடுப்பைப் பார்த்தவாறு நீள்மேடையில் அமர்வதும், உப்பிட்ட மென்கறியில் தொடங்கித் தாரே பூசிய கனத்த துண்டுகளுக்குச் செல்வதும், கறியைத் தட்டில் உருவிப் போடாமல் குச்சியிலிருந்தே சூடாகக் கடித்துண்பதும், கோழிச்சாற்றுடனோ சோற்றுடனோ முடிப்பதும் நன்முறை.

கோழி, கரி, கை என்னும் இந்த மூன்று தேவைகளையும் வருசநாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மூன்றில் இரண்டு ஏற்கெனவே கைக்கெட்டும் தொலைவில் இருப்பது விளங்கும். சிறுவிடை முதலிய நாட்டுக்கோழிகள் இலவந்தோப்புகளிலும் வீட்டு முற்றங்களிலும் மேய்ந்து நான்கைந்து மாதம் வளர்கின்றன; முதிர்ந்த சேவலின் கறி கடினப்பட்டுக் குழம்புக்கே பொருந்துமாதலால், சுடுவதற்கு வெடைக்கோழியைத் தேர்ந்தால் போதும். இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரியும், கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்புகள் தரும் கொட்டாங்குச்சிக் கரியும் நன்றாகக் கனலக்கூடியவை. குறைவது தேர்ந்த கை ஒன்றே. அதுவும் வீடுகளில் சுவரொட்டி வாட்டும் பெண்களிடம் ஓரளவு இருக்கிறது. அதைத் தொழிலாக மதித்து வளர்க்கும் முயற்சிதான் இல்லை.

மேகமலைக்கும் சின்னச் சுருளி அருவிக்கும் வரும் பயணிகள் வழியிலுள்ள ஊர்களில் காண்பது, மின்பொறியில் சுழலும் நிறமூட்டிய பிராய்லர் கோழியையும் பரோட்டாவையும்தான். மகளிர் குழுக்களோ இளைஞர்களோ முன்வந்து, நாட்டுக்கோழி, ஈரல், சுவரொட்டி, உப்புக்கண்டம் ஆகியவற்றை உறுப்புக்கு ஒரு கம்பியாகக் கோத்து, நிறப்பொடி இல்லாமல் கரித்தணலில் சுட்டுத் தரும் சிறுகடைகளைத் தொடங்கினால், கோழி வளர்ப்போர்க்கு நியாயமான விலையும், உண்போர்க்கு நம்பத்தக்க உணவும் கிடைக்கும். கழித்த துண்டுகளைச் சுட்டு விற்ற தள்ளுவண்டிக்காரர்களால் ஒரு நாட்டின் உணவு ஐரோப்பா வரை சென்றிருக்கும்போது, ஈராயிரம் ஆண்டு இலக்கியச் சான்றுடைய சுட்ட கறி தேனி மாவட்டத்துக் கடைத்தெருவையேனும் எட்ட வேண்டும். உள்ளூர்ச் சமையல்காரர்களும் ஊராட்சிகளும் இதைச் செய்து காட்ட முன்வர வேண்டும்.