மறையாத கை

சிவகாசியில் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த தொடரின் தமிழ் வடிவம் அது. நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். இழந்த வலது கைக்குப் பதிலாக இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். ஒரு விபத்தில் மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறைந்துவிடுகிறது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. மாயாவியைப் பலர் தங்களுக்கே சொந்தமானவராக நினைப்பதற்குக் காரணம் இந்தக் கைதான் என்று நினைக்கிறேன். சூப்பர்மேனின் பலவீனமான கிரிப்டோனைட் வெளியிலிருந்து, எப்போதாவதுதான் வரும். மாயாவியின் பலவீனமோ அவர் உடம்பிலேயே இருக்கிறது. எதை இழந்தாரோ, அந்த இடத்தை மட்டும் அவரால் ஒளிக்க முடியவில்லை. அந்தச் சக்தியும் நிலையானதல்ல. சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும், மறுபடி மின்கம்பியைத் தேடி ஓட வேண்டும். தன்னிடம் உள்ள ஒரு குறையை ஊரே பார்க்கிறது என்று கூசுகிற பதின்வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

சின்ன வயதில் படித்ததால் வரும் பாசம்தானே இது என்று கேட்கலாம். அந்தப் பாசம் உண்மைதான். ஆனால் அது அந்த வயதில் படித்த எல்லாவற்றின் மீதும் வரும். கதை மறந்த பிறகும் அந்தக் கை மட்டும் ஏன் நினைவில் நிற்கிறது என்பதற்கு அது விடையாகாது. கண்ணுக்குத் தெரியாமல் திரியும் ஆசைதான் காரணம் என்பது இன்னொரு வாதம். ஆசை மட்டும்தான் என்றால் முழுதாக மறைபவனே இன்னும் நல்ல நாயகன். ஆனால் அப்படிப்பட்டவன் பிடிபடுவானோ என்று நாம் பதறப் போவதில்லை. கிராண்டேல் தொடக்கத்தில் உத்தமரும் அல்லர். கிடைத்த சக்தியைக் குற்றம் செய்யவே பயன்படுத்தினார், பிறகுதான் திருந்தி உளவாளியானார். சக்தி கிடைத்ததும் தடுமாறுகிற மனிதரிடம் நம்மைப் பார்ப்பது எளிது. இதில் பிளாஸ்கோவின் பங்கு பெரிது. நாயகனின் முகம் இல்லாத கட்டங்களில் பயம், கோபம், அவசரம் எல்லாவற்றையும் விரல்களின் வளைவிலேயே காட்ட வேண்டிய நிலை அவருக்கு. அந்தக் கட்டங்களில் முகத்தை வாசகர்தான் மனதில் வரைந்துகொள்ள வேண்டும், தனக்குத் தெரிந்த முகங்களிலிருந்து.