உறைமோரில் இருக்கிறது சாமி

நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போகிறவர்கள் அரைவட்டக் கூரை வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். சற்றுத் தள்ளி, கல்சுவருக்குள் அதே வடிவில் நிற்பது பால்மனை; அதுதான் கோயில். தவழ்ந்துதான் நுழைய முடியும். உள்ளே சிலை கிடையாது. பால் கறக்கும் மூங்கில் குழாய், பானை, மத்து, விளக்கு போன்றவைதான்.

1901-02இல் இங்கே வந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், மருத்துவம் படித்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர். தோட மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டு விசாரித்தார். அப்போது தோடர்கள் சுமார் 800 பேர். 1906இல் அவரது ‘தி தோடாஸ்’ நூல் வெளிவந்தபோது அது 700 பக்கத்தைத் தாண்டியிருந்தது.

அதில் என்னை நிறுத்தி வைப்பது உறைமோர் பற்றிய பகுதி. நேற்றைய மோரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலில் விட வேண்டும். அந்தத் தொடர்ச்சியே புனிதம். நம் வீட்டில் உறை தீர்ந்தால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வோம். புனித எருமைகளின் பால்மனையில் அது நடக்காது. புது உறை உண்டாக்கத் தனிச் சடங்கே உண்டு. பால்மனையின் உள்பக்கப் பாத்திரமும் வெளிப்பக்கப் பாத்திரமும் ஒன்றையொன்று தொடாதிருக்க நடுவே இன்னொரு பாத்திரம் வைத்து ஊற்றுகிற இடங்களும் உண்டு.

இதெல்லாம் வெளியாளிடம் பேசுகிற சங்கதி அல்ல. பேசியவர்களில் ஒருவர் நோயில் விழுந்தார். சடங்கு நடத்திக் காட்டிய இன்னொருவரின் மனைவி இறந்துபோனார். ரகசியத்தை வெளியே விட்டதால் வந்த தெய்வக் கோபம் என்றார்கள். அதற்குப் பிறகு தகவல் வற்றிப்போனது. ரிவர்ஸ் இதை மறைக்காமல் எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால், சடங்கு மிஞ்சியிருக்கிறது, நம்பிக்கை தேய்ந்துவிட்டது என்று அவர் சொன்ன தீர்ப்பை ஏற்க முடியவில்லை. மொழி தெரியாதவர் நம்பிக்கையை எதை வைத்து அளந்தார்?

1930களில் வந்த மொழியியலாளர் எமனோ தோட மொழியைக் கற்றுக்கொண்டு உட்கார்ந்தார். எருமை, மந்து, மலை, தெய்வம் என்று எல்லாமே தோடர்களின் பாட்டில் இருந்தன. அவர் திரட்டிய பாடல்கள் 1971இல் பெரிய நூலாக வந்தன.

மந்துக்குப் போனால் கல்சுவருக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரையும் துருவ வேண்டாம். அதை ரிவர்ஸ் கேட்டாயிற்று.